வினா: ஏதுமில்லை

கல்லூரிக்குள் ராஜரத்தினம் முதன்முதலாக நுழைந்த நாளில் வகுப்பே எழுந்து நின்றது. நாற்பது வயது, முன்நெற்றியில் வழுக்கையின் தொடக்கம், சட்டைப்பையில் மூன்று பென்சில், கையில் குடை. ஆசிரியர் வந்துவிட்டார் என்று பிள்ளைகள் நினைத்ததில் பிழையில்லை. அவர் நேராகக் கடைசி வரிசைக்குப் போய்க் குடையை ஓரமாகச் சாய்த்துவிட்டு உட்கார்ந்த பிறகுதான் சிரிப்பு கிளம்பியது. அவரும் சேர்ந்து சிரித்தார். வேறென்ன செய்ய முடியும்?

மலாயா சுதந்திரம் அடைவதற்கு ஒரு மாதம் முன்பு நடந்தது அது. கல்லூரி சிங்கப்பூரில் இருந்தது. வீடு மலாக்காவில், காஜா பெராங்கில். இரண்டுக்கும் நடுவே ஒரு பகல் முழுவதும் பஸ் ஓடும். பத்து பகாட் என்ற ஊரில் ஒரு முறை, மூவாரில் ஒரு முறை, பஸ் பெர்ரியில் ஏறி ஆற்றைக் கடக்கும். மாதம் இரண்டு தடவை அவர் அப்படி வந்து போனார்.

தம்பினுக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்து, மலாக்காவில் படித்து, இருபதாவது வயதில் நில அளவை அலுவலகத்தில் பிரதி வரைபவராகச் சேர்ந்தவர் ராஜரத்தினம். வெளியே போய் அளப்பவர்கள் கொண்டுவரும் கோடுகளை மெழுகுத் துணியில் பிசகாமல் இழுத்துத் தருவது வேலை. வெள்ளைக்காரன் காலத்தில் இழுத்தார், ஜப்பான்காரன் காலத்தில் இழுத்தார், மறுபடி வெள்ளைக்காரன் வந்தபோதும் இழுத்தார். யாருடைய நிலம், யார் அளந்தது என்று அவர் கேட்டதில்லை. சுதந்திரம் வருகிறது, புதிய இடைநிலைப் பள்ளிகள் திறக்கப் போகிறார்கள், ஓவிய ஆசிரியர் வேண்டும் என்று பேச்சு எழுந்தபோதுதான் அவருக்குள் ஏதோ அசைந்தது. மலாக்காப் பள்ளி ஒன்று, டிப்ளோமாவோடு வந்தால் இடம் தருவதாகச் சொன்னது. அலுவலகம் இரண்டு வருஷம் விடுப்புக் கொடுத்தது. 1959 ஜூன் கடைசிக்குள் டிப்ளோமா கைக்கு வரவேண்டும். வராவிட்டால் பழைய மேசை, பழைய மெழுகுத் துணி, பிறருடைய கோடுகள்.

கடைசிப் பருவத்தில் அந்தக் கல்லூரியில் வகுப்பு கிடையாது. மாணவர் ஒவ்வொருவரும் ஒரு பொருளைத் தாமே தேர்ந்து ஆறு மாதம் தனித்துப் படித்து வரையவேண்டும். விரிவுரையாளர் ஒருவர் மேற்பார்க்க வேண்டும். அதற்கு முதலில் ஒரு திட்டம் எழுதித் தரவேண்டும். படிக்கும் பொருள் என்ன, அதில் எழும் வினா என்ன, வார வாரம் என்ன வேலை, எந்தெந்த நாளில் மேற்பார்வையாளரைச் சந்திப்பது, முடிவில் என்ன ஒப்படைப்பது என்று படிவத்தில் ஐந்து கட்டங்கள். ஜனவரி பதினாறாம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் விரிவுரையாளர் அதில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் பதிவேட்டிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள்.

ராஜரத்தினத்துக்கு வாய்த்தவர் சங்கரன். மற்ற விரிவுரையாளர்கள் ஆளுக்கு ஐந்து பேரை எடுத்துக்கொண்டு போதும் என்றுவிட்டார்கள். சங்கரனிடம் மட்டும் யாரும் போகவில்லை. அவருக்கு இருபத்தொன்பது வயது. மெட்ராஸில் ஓவியம் படித்துவிட்டு வந்தவர். யாரையும் திட்டமாட்டார், யாரையும் பாராட்டவும் மாட்டார். பிடிக்காத இடத்துக்கு நேராக ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். ஏன் என்று கேட்டால், "பாருங்க" என்பார். அவ்வளவுதான்.

ராஜரத்தினம் தேர்ந்துகொண்ட பொருள் பார்ச்சு. மனைவி சந்திரமதி காஜா பெராங் சிட்டிக் குடும்பத்துப் பெண். பல தலைமுறைக்கு முன்னால் வணிகம் செய்ய வந்து, இந்த ஊர்ப் பெண்களை மணந்து, பேச்சு மலாய் ஆகிவிட, சாமி மட்டும் தமிழ்ச் சாமியாகவே நின்றுவிட்டவர்கள் சிட்டிகள். போகியன்று மாலை குடும்பத்தில் இறந்தவர்களுக்கெல்லாம் இலை போட்டுப் படைப்பதை அவர்கள் பார்ச்சு என்பார்கள். வருஷ நடுவில் பழங்கள் வைத்து இன்னொரு பார்ச்சு உண்டு. படைத்துக் கும்பிட்டபின் எல்லாரும் வெளியே வந்து அறைக் கதவைச் சாத்திவிட வேண்டும். வந்தவர்கள் நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று. பிறகு பெரியவர் கதவைத் தட்டி, இருமி, திறப்பார்.

பதினான்கு வருஷமாக மாப்பிள்ளையாக அந்தக் கதவுக்கு வெளியே நின்றவர் ராஜரத்தினம். எல்லாம் அத்துப்படி. அறையின் நீள அகலம், ஏழு இலைகளின் இடம், ஒவ்வொரு இலையிலும் எது எங்கே என்று அளவு மாறாமல் வரைந்து, எண் போட்டு, ஆறு மாதத்தை வாரங்களாகப் பிரித்து, முதல் திட்டத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். கோடுகள் சுத்தமாக இருந்தன. சுத்தத்துக்கு மேல் அவற்றில் சொல்ல எதுவுமில்லை.

சங்கரன் இரண்டாவது கட்டத்துக்கு நேராகப் புள்ளி வைத்தார். அங்கே 'வினா: ஏதுமில்லை' என்று எழுதியிருந்தது.

"கேள்வி இல்லைன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா சார். எல்லாத்தையும் ரெண்டு தடவை சரிபார்த்துட்டேன்."

சங்கரன் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். கேலியா என்று தேடியிருக்க வேண்டும். கேலி இல்லை. அளவை அலுவலகத்துப் படிவங்களில் கடைசியில் அப்படியொரு வரி உண்டு. எல்லைக்கல் இடம் மாறியிருந்தாலோ கோடு சேராவிட்டாலோ அங்கே எழுதவேண்டும். அதில் 'ஏதுமில்லை' என்று எழுதி அனுப்புவதுதான் நல்ல வேலைக்காரனுக்கு அடையாளம். இருபது வருஷம் அந்தப் பெருமையில் வாழ்ந்த கை, கட்டத்தைக் கண்டதும் தானாக எழுதிவிட்டது.

"கேள்வியே இல்லைன்னா ஆறு மாசம் எதுக்கு?" என்றார் சங்கரன். "நாளைக்கே முடிச்சிடலாமே."

இரண்டாவது திட்டத்தில் பத்தொன்பது வினாக்கள் இருந்தன. இலைகள் எத்தனை? விளக்கு எந்தத் திசை? சாம்பிராணி எப்போது? பத்தொன்பது புள்ளிகளும் விழுந்தன.

"இது பரீட்சைத்தாள். விடைய நீங்களே சட்டைப்பையில வச்சிருக்கீங்க." சங்கரன் தாளைத் திருப்பிப் பார்த்தார். "கதவைச் சாத்துவாங்கன்னு ஒரு வரியில எழுதிட்டுத் தாண்டிப் போயிட்டீங்க. அப்ப நீங்க எங்க இருப்பீங்க?"

"வெளியதான் சார்."

"எதையும் நினைவுல இருந்து வரையக் கூடாது. முன்னாடி உக்காந்து பார்த்து வரையணும். அதுதான் விதி. வெளியூர்ல செய்ற வேலைன்னா நானும் ஒரு தடவை இடத்தைப் பார்த்தாகணும். போகியன்னிக்கு வர்றேன். அதுக்குள்ள சரிபண்ணி வைங்க. வெள்ளிக்கிழமை ஞாபகம் இருக்கில்ல?"

தெரிந்ததைத் திரும்ப வரைவது நேர்மையான வேலைதான். உலகத்தில் பாதி வேலை அப்படித்தான் நடக்கிறது. ஆனால் தெரியாத ஒன்றின் முன்னால் போய் உட்கார வேறு மாதிரி முதுகு வேண்டும். ராஜரத்தினத்தின் முதுகு மேசைக்குப் பழகியது. மூவார் பெர்ரியில் நின்றுகொண்டே மூன்றாவது திட்டத்தை எழுதினார். பார்த்துத்தான் வரையவேண்டுமென்றால் உள்ளே இருக்கவேண்டும். எனவே எழுதினார்: 'போகி, மாலை 6.30 முதல் 7.00 வரை, மூடிய அறைக்குள் அமர்ந்து நேரடியாக வரைதல்.' கீழே ஒரு கோடு இழுத்து, 'வீட்டார் அனுமதி, கையொப்பம்' என்றும் எழுதினார். அலுவலகத்தில் அப்படித்தான்: முதலில் தாளில் வரும், பிறகு மேலதிகாரி கையெழுத்திடுவார். கேட்டுவிட்டு எழுதுகிற வழக்கம் அங்கே கிடையாது.

போகியன்று காலை மாமனார் அப்பாசாமி வாசலில் மாவிலை கட்டிக்கொண்டிருந்தார். தபால் நிலையத்தில் முப்பது வருஷம் கடிதம் பிரித்து ஓய்வுபெற்றவர். மருமகன் நீட்டிய தாளை வாங்கி, முன்னும் பின்னும் பார்த்து, முத்திரை எங்கே என்று தேடுகிறவர்போல் ஓரங்களையும் பார்த்து, அப்புறம் மூக்குக்கண்ணாடியைப் போட்டார். அவர் பேசுவது மலாய். சாமி, மாமா, அக்கா என்று ஒரு கைப்பிடித் தமிழ் அதில் மிதக்கும். பதினான்கு வருஷத்தில் இரண்டு பேருக்கும் நடுவே அந்தப் பேச்சு ஒரு மாதிரி ஓடப் பழகிவிட்டது.

"ராஜா, யார் உள்ள உக்காரப் போறது?"

"நான்தான் மாமா. மூலையில. சத்தம் போடமாட்டேன்."

"சத்தம் போடமாட்ட. சரி." தாளை மடித்துத் திருப்பி நீட்டினார். "நீ சாப்பிடும்போது ஒருத்தன் மூலையில உக்காந்து உன்ன அளந்துகிட்டு இருந்தா உனக்குத் தொண்டையில இறங்குமா?"

"படிப்புக்கு மாமா. கையெழுத்து இல்லன்னா..."

"தா போலே," என்றார் அப்பாசாமி. முடியாது என்பதை அவர் கோபமில்லாமல்தான் சொன்னார். கோபப்பட்டிருந்தால் சமாதானம் செய்யவாவது ஓர் இடம் இருந்திருக்கும்.

சமையற்கட்டில் சந்திரமதியும் அவள் அக்கா பொன்னம்மாவும் நாசி லெமாக் சோற்றுக்குத் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தார்கள். சந்திரமதி கணவரிடமிருந்து கற்ற தமிழில் பேசுவாள். ஓரங்கள் மலாய்.

"எழுதிட்டு அப்புறமா கேட்டீங்களா?" என்றாள். "யாராவது அப்படிச் செய்வாங்களா லா?"

"ஆபீசுல..."

"இது ஆபீசா? அம்மா வர்ற வீடு." அவளுடைய அம்மா இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

பொன்னம்மா பால் வழிந்த கையோடு திரும்பினாள். "உள்ள இருந்தா அம்மா உங்களையும் ஒரு இலையில உக்கார வச்சிடுவா. பரவாயில்லையா? அப்புறம் அடுத்த வருஷம் உங்களுக்கும் நாசி லெமாக் வைக்கிறோம்."

சந்திரமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ராஜரத்தினத்துக்கு வரவில்லை. சங்கரன் இந்நேரம் பத்து பகாட்டைத் தாண்டியிருப்பார். இருந்தாலும் ஒரு நப்பாசை. பெரியவர் கடைசி நேரத்தில் மனம் இளகலாம். வரைதாள் அட்டையையும் பென்சில்களையும் கொண்டுபோய்ப் பார்ச்சு அறையின் மூலையில், யார் கண்ணிலும் படாதபடி வைத்துவிட்டு வந்தார்.

ஆறேகால் மணிக்குச் சங்கரன் வந்தார். ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் இறங்கி, அங்கிருந்த கோயிலில் பிள்ளையாரைக் கும்பிட்டு, ஒரு முழம் பூ வாங்கிக்கொண்டு நடந்தே வந்திருந்தார். பூவைச் சந்திரமதியிடம் கொடுத்துவிட்டு அறையைப் பார்த்தார். ஏழு இலைகள் விரித்தாகிவிட்டது. நாசி லெமாக், மீன் சம்பால், கோழிக்கறி, அவித்த முட்டை, குவே பலகாரம். ஓரிலைக்குப் பக்கத்தில் வெற்றிலைத் தட்டு, இன்னோர் இலைக்குப் பக்கத்தில் சிகரெட் டின்னும் ஒரு குவளை கறுப்பு பீரும்.

"நீங்க எங்க உக்காரப் போறீங்க?" என்று கேட்டார்.

ராஜரத்தினம் வாயைத் திறப்பதற்குள் அப்பாசாமி சாம்பிராணிக் கரண்டியோடு வந்துவிட்டார். எல்லாரும் கும்பிட்டார்கள். புகை கண்ணைக் கரித்தது. பெரியவர் இலைகளை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பி, கோழிகளைக் கூட்டுக்குள் விரட்டுகிறவர் போல இரண்டு கைகளையும் விரித்தார். மகள்கள் வெளியே போனார்கள். சங்கரன் போனார். அந்தக் கைகள் தன் பக்கம் வந்தபோது ராஜரத்தினமும் போனார். கதவு சாத்தியாகிவிட்டது. அட்டையும் பென்சில்களும் உள்ளே.

முற்றத்தில் மழை விட்ட ஈரம். சங்கரன் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வைக்கு ஒரு புள்ளியின் கூர்மை இருந்தது. மூன்று நாளில் பெயரை எடுத்துவிடுவார்கள் என்று ராஜரத்தினம் நினைத்தார். பள்ளிக்கு என்ன பதில் சொல்வது, அலுவலகத்தில் யார் சிரிப்பார்கள், எந்த மேசை காலியாக இருக்கும். அந்தக் கண்ணிலிருந்து தப்பிக்கத்தான் சட்டைப்பையைத் துழாவினார். ஒரு துண்டுப் பென்சிலும் நான்காக மடித்த மூன்றாவது திட்டமும் இருந்தன. தாளின் பின்பக்கம் வெறுமை.

கை சும்மா இருக்கப் பழகாத கை. எதிரே இருந்ததை இழுத்தது. முதலில் படியோரச் செருப்புகள். பிறகு பொன்னம்மா: காலையில் அத்தனை கேலி பேசியவள், முந்தானை நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்திருந்தாள். சந்திரமதி கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். கையைக் கதவுப் பலகைக்கு நேராக நீட்டியிருந்தாள், ஆனால் தொடவில்லை. விரலுக்கும் பலகைக்கும் நடுவே ஓரங்குலம். அதை அளக்கவேண்டும் என்று அவருக்கு ஏனோ தோன்றவில்லை. பதினான்கு வருஷமாக அதே முற்றத்தில் நின்றிருக்கிறார். இதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அவர் பார்த்ததெல்லாம் கதவை. இவர்கள் யாருமே கதவைப் பார்த்து நிற்கவில்லை. முகம் வேறெங்கோ இருந்தது; முதுகும் காதும்தான் கதவின் பக்கம் இருந்தன.

தாளைத் திருப்பி மற்றொரு மடிப்பில் அப்பாசாமியை வரையத் தொடங்கினார். கிழவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நேரம் போய்க்கொண்டிருந்தது. தெங்கேராப் பள்ளிவாசல் பக்கமிருந்து பாங்குச் சத்தம் கேட்டு ஓய்ந்தது. திட்டத்தில் எழுதிய அரை மணி எப்போதோ கடந்துவிட்டிருந்தது. கிழவர் ஒருமுறை கதவருகே போனார், கையை உயர்த்தினார், தட்டாமல் திரும்பி வந்தார்.

"மாமா," என்று மெதுவாகக் கேட்டார் ராஜரத்தினம், "எப்பத் திறக்கணும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கேட்ட பிறகுதான் அதற்கு விடை தன்னிடம் இல்லை என்பது அவருக்கு உறைத்தது. பென்சில் நின்றுவிட்டது.

அப்பாசாமி அவர் பக்கம் திரும்பினார். "எங்கப்பா காலத்துல அவர் ஒரு சுருட்டுப் பிடிப்பார். அது அணைஞ்சா திறப்பார். நானும் கொஞ்ச வருஷம் அப்படித்தான் செஞ்சேன்." ஈரத்தரையைக் காலால் தேய்த்தார். "இப்ப உன் மாமி உள்ள இருக்கா. அவ மெதுவாச் சாப்பிடுறவ. எல்லாரும் கை கழுவினப்புறமும் பாதி இலை இருக்கும். எவ்ளோ நேரம் விடணும்னு எனக்குத் தெரியல ராஜா. மூணு வருஷமா ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு நிக்கிறேன்."

பொன்னம்மா முந்தானையைப் பல்லிலிருந்து எடுத்தாள். இதை அவளும் இப்போதுதான் கேட்கிறாள் என்று முகம் சொன்னது.

கொஞ்ச நேரம் கழித்துக் கிழவர் கதவைத் தட்டினார். இருமினார். திறந்தார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ராஜரத்தினம் மூலைக்குப் போய் அட்டையை எடுத்தபோது பொன்னம்மா பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்தாள்.

"அம்மா ஏதாவது வரைஞ்சு வச்சிருக்காளா?"

"காலியா இருக்கு அக்கா."

"அவளுக்குச் சாப்பிடவே நேரம் பத்தாது. இதுல உங்க வேலை வேறயா."

இந்தத் தடவை ராஜரத்தினத்துக்கும் சிரிப்பு வந்தது.

சங்கரன் கையை நீட்டினார். மடிப்புகளில் வரைந்த தாளை ராஜரத்தினம் கொடுத்தார். சங்கரன் பின்பக்கத்தை ஒவ்வொரு மடிப்பாகப் பார்த்தார். திருப்பி, முன்பக்கத்தில் மாலை 6.30 முதல் 7.00 வரை என்றிருந்த வரியையும் படித்தார்.

"செருப்பு சரியில்ல," என்றார். "கை பரவாயில்ல. தாத்தாவை முடிக்கலியே."

"கேள்வி கேக்கப் போய் நின்னுடுச்சு சார்."

"தெரியும். நானும் கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன்." பைக்குள்ளிருந்து புதிய படிவம் ஒன்றை எடுத்து நீட்டினார். "ரெண்டாவது கட்டம். முதல்ல அத எழுதுங்க. மத்ததெல்லாம் அதுக்குப் பின்னால தானா வரும்."

"மக்கான் டுலு," என்று அப்பாசாமி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். முதலில் சாப்பாடு. சங்கரனும் இலைமுன் உட்கார்ந்தார். சம்பால் காரத்தில் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. பொன்னம்மா வேண்டுமென்றே இன்னொரு கரண்டி வைத்தாள்.

கை கழுவிவிட்டு வந்து, மேசை விளக்கடியில் ராஜரத்தினம் எழுதினார். 'வினா: கதவு மூடியிருக்கும் நேரத்தில் வெளியே நிற்பவர்கள் என்ன செய்கிறார்கள்? அது எப்போது போதும் என்று யாருக்குத் தெரியும்?' எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்தார். பழைய பழக்கத்தில் கை கீழே விடையை எழுதப் போயிற்று. நிறுத்திக்கொண்டார்.

மற்ற கட்டங்களைச் சங்கரனோடு பேசிப் பேசி நிரப்பினார். தெருவில் காஜா பெராங்கின் மற்ற வீடுகளுக்குப் போய்க் கேட்பது, முற்றங்களையும் காத்திருப்பவர்களையும் வரைவது, பதினைந்து நாளுக்கு ஒரு சந்திப்பு. பழப் பார்ச்சு ஜூனில் வரும். அன்று இதே முற்றத்தில் நின்று கடைசிப் படங்கள். அறையின் உட்புறம் ஒரு தாளிலும் வராது. மொத்தம் எத்தனை படம் என்ற இடத்தில் 'நாற்பது' என்று எழுதினார். எழுதும்போதே சங்கரன் பேனாவைத் திறப்பது தெரிந்தது.

சங்கரன் ஒருமுறை மேலிருந்து கீழ்வரை படித்தார். நாற்பது என்ற சொல்லுக்கு நேராக ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தார். பிறகு கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதினார்: 13.1.1959.

ராஜரத்தினம் அந்தப் புள்ளியைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. எத்தனை போதும் என்று தெரிந்துகொள்ள ஆறு மாதம் இருக்கிறது. மை காய்வதற்காகத் தாளை அப்படியே மேசைமேல் விட்டுவிட்டு முற்றத்துக்கு வந்தார். அங்கே சந்திரமதி செருப்புகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"போட்டாரா?"

"போட்டுட்டார்."

"அப்போ பெயரை எடுக்கமாட்டாங்க?"

"எடுக்கமாட்டாங்க."

அவள் ஒரு செருப்பை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "இது சரியில்லைன்னாராமே. நல்லாப் பார்த்துக்குங்க."

ராஜரத்தினம் படியில் உட்கார்ந்து செருப்பைப் பார்த்தார். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவருக்கு அவசரம் ஏதுமில்லை.